திருவனந்தபுரம் – துபாய்: ஸ்ட்ரோலரை விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போகலாமா, பெட்டியோடு போட்டுவிடலாமா?

திங்கள்சந்தை அம்மு | திங்கள், இரவு 9.40

வணக்கம். அடுத்த மாதம் துபாய்க்குப் போகிறேன். திருவனந்தபுரத்தில் ஏறி நேரே அங்கே இறங்குகிற விமானம். கூட வருவது ஒன்பது மாத மகள் மட்டும். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் காத்திருப்பார். இங்கே கொண்டுவிட வருகிறவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள், உள்ளே போனால் நானும் பிள்ளையும்தான்.

கொழுந்தன் போன லீவுக்கு வந்தபோது ஒரு ஸ்ட்ரோலர், அதாவது பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளுகிற வண்டி, வாங்கி வந்தார். வீட்டுத் தராசில் ஒன்பதரை கிலோ. எங்கள் இடவழியில் அதை உருட்ட வழியில்லை. இதுவரை முற்றத்திலும், ஒரே ஒரு தடவை நாகர்கோவில் துணிக்கடையிலும்தான் ஓடியிருக்கிறது. அதையும் கொண்டுபோக வேண்டும்.

என் பெட்டிக் கணக்கில் அது சேருமா, தனியா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு மைனி விமானத்துக்குள்ளேயே கொண்டுபோனாராம். அவர் தம்பி, அதெல்லாம் நடக்காது, பெட்டியோடு போட்டுவிடு என்கிறார். மாமியாருக்கு இரண்டுமே பிடிக்கவில்லை: "நாங்க பிள்ளைகள இடுப்புல வச்சுத்தான் வளத்தோம். வண்டியில கிடத்தித் தள்ளினா ஊரு கண்ணு பூரா பிள்ள மேலதான்."

போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் தேன் | திங்கள், இரவு 9.58

காசு கிடையாது. கைக்குழந்தை டிக்கெட் இருந்தால் மடக்குகிற ஸ்ட்ரோலர் ஒன்று இலவசம், அநேகமாக எல்லா விமானத்திலும் இதுதான் வழக்கம். கொண்டுபோங்கள்.

தக்கலைக்காரி | திங்கள், இரவு 10.35

அம்மு, நான் மஸ்கட்டில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளோடு ஏழெட்டுத் தடவை போய்வந்தாயிற்று, அதில் பாதி தனியாக.

உங்கள் மைனி சொன்னதும் பொய்யில்லை, அவர் தம்பி சொன்னதும் பொய்யில்லை. இரண்டு பேருடையதும் வேறு வேறு வண்டியாக இருக்கும். கவுண்டரிலேயே பெட்டிகளோடு போட்டுவிடலாம். அல்லது பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டே விமானத்தின் கதவு வரை போய், அங்கே மடக்கிக் கொடுக்கலாம், அவர்கள் அடியில் ஏற்றுவார்கள். மடக்கினால் கைப்பெட்டி அளவுக்குச் சுருங்குகிற வண்டி என்றால் உள்ளே மேல்தட்டில் வைக்க விடுவார்கள். மைனியுடையது அந்த மாதிரி இருந்திருக்கும். ஒன்பதரை கிலோ வண்டிக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

தனியாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது கதவு வரை தள்ளிக்கொண்டு போவதைத்தான். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே போகிறீர்கள். அந்த மூன்று மணி நேரமும் பிள்ளையைக் கையில் வைத்திருந்தால் பாஸ்போர்ட்டை எந்தக் கையால் எடுப்பீர்கள்? பாத்ரூம் போக வேண்டுமென்றால்?

கவுண்டரில் ஸ்ட்ரோலர் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். கைப்பிடியில் ஒரு டேக் கட்டுவார்கள், அதில் கிழித்துக் கொடுக்கிற துண்டு ஒன்று உண்டு. அதை போர்டிங் பாஸோடு சேர்த்து வையுங்கள். அங்கேயே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "இறங்கும்போது கதவில் தருவீர்களா, பெட்டிகள் வருகிற பெல்ட்டுக்கு வருமா?" இதைக் கேட்காமல் போய் நான் ஒரு தடவை கதவுப் பக்கத்தில் இருபது நிமிடம் நின்றேன், வண்டி அந்நேரம் பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

எமிக்ரேஷன் சிரமமில்லை. செக்யூரிட்டியில்தான் வேர்க்கும். பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும், கூடையைக் காலி செய்ய வேண்டும், வண்டியை மடக்கி எக்ஸ்ரேயில் விட வேண்டும். உள்ளே நுழையாத பெரிய வண்டியைத் தனியாகக் கையால் சோதிப்பார்கள். பின்னால் நிற்கிறவர் "உச்" கொட்டுவார். கொட்டட்டும். அங்கே நிற்கிற சி.ஐ.எஸ்.எஃப். பெண்களிடம் "கொஞ்சம் மடக்கித் தாருங்கள்" என்று கேட்டால் கைகொடுப்பார்கள், ஆனால் உங்கள் வண்டியின் பூட்டு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் வீட்டிலேயே, இடது கையில் பிள்ளை, வலது கையில் வண்டி என்று மடக்கிப் பழகுங்கள். பிள்ளைக்குப் பதிலாக முதலில் ஒரு தலையணை.

கருங்கல் காற்றாடி | செவ்வாய், காலை 6.50

தங்கச்சி, நான் நேர்மாறாகத்தான் சொல்வேன். போன வருடம் இதே மாதிரி கதவு வரை தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தோம். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று சொல்லவில்லை. இறங்கினதும் பெல்ட்டில் வந்தது. முன் சக்கரம் ஒன்று இல்லை. உடைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஆளையே காணோம். பிளாஸ்டிக் அச்சு மட்டும் பல்லு போன ஈறு மாதிரி நின்றது. விசாரிக்கப் போனால் "ஏறும்போதே அப்படித்தான் இருந்ததா?" என்று கேட்கிறார்கள். பிள்ளை அழுகிறது, பெட்டி நான்கு, வெளியே மச்சான் பார்க்கிங் காசு ஓடுகிறது என்று போன் மேல் போன். விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

நல்ல வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். இங்கே மூவாயிரத்துக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். போனால் போகட்டும்.

வடசேரி வக்கீல் | செவ்வாய், காலை 8.15

அண்ணே, விட்டுவிட்டு வந்ததுதான் தப்பு. இந்தியாவுக்கு 2009 முதல் மான்ட்ரியல் ஒப்பந்தம் என்கிற சர்வதேச விமானப் பயண ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது, துபாய் உள்ள ஐக்கிய அரபு எமிரேட்ஸும் அதில் உண்டு. சர்வதேசப் பயணத்தில் பெட்டி சேதமானால் விமானக் கம்பெனி பொறுப்பு. ஒரு பயணிக்கு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), இரண்டாயிரம் டாலருக்குப் பக்கம் வரும். அவ்வளவும் கையில் தருவார்கள் என்று நினைக்க வேண்டாம், அது மேல்வரம்பு. ஒரு சக்கரத்துக்கு ஒரு சக்கரத்தின் விலைதான்.

எழுத்தில் புகார் கொடுக்க ஏழு நாள். அதைத் தாண்டினால் போயிற்று. ஹாலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பேக்கேஜ் கவுண்டரில் பி.ஐ.ஆர். என்கிற சாமான் சேதப் புகார்ப் படிவத்தை எழுதி நகல் வாங்கிவிட்டால் "வெளியே போய் உடைத்தீர்கள்" என்று சொல்ல இடமிருக்காது. ஏறும்போது, டேக் தெரிகிற மாதிரி, நான்கு சக்கரமும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. அவ்வளவுதான் சாட்சி.

அந்த டேக் துண்டைத் தக்கலை அக்கா பத்திரமாக வைக்கச் சொன்னாரே, அதில் ஒரு சட்ட விஷயமும் இருக்கிறது. டேக் போட்டுக் கொடுத்த சாமான் அவர்கள் பொறுப்பில் இருக்கும்போது சேதமானால், பொருளிலேயே குறை இருந்தது என்று அவர்கள் காட்டாதவரை பொறுப்பு அவர்களுடையது. டேக் இல்லாமல் நீங்களே கையில் கொண்டுபோன சாமான் என்றால் தப்பு அவர்கள் பக்கம் என்று காட்ட வேண்டிவரும். ஒரு காகிதத் துண்டுக்குத்தான் இவ்வளவு வித்தியாசம்.

கருங்கல் காற்றாடி | செவ்வாய், காலை 8.40

இதை அப்போதே யாராவது சொல்லியிருந்தால்… சரி விடுங்கள்.

குளச்சல் ராம்ப் | செவ்வாய், மதியம் 2.05

பதினோரு வருடம் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை பார்த்தேன். இப்போது ஊரில் வள்ளம். உங்கள் ஸ்ட்ரோலரைக் கையில் வாங்கினவன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அடிக்க வந்துவிடாதீர்கள்.

கதவில் நீங்கள் விட்டுப்போகிற வண்டியை நாங்கள் ஏரோபிரிட்ஜுக்கு, அதாவது நீங்கள் விமானத்துக்குள் நடந்து ஏறுகிற பாலத்துக்கு, பக்கத்திலுள்ள இரும்புப் படி வழியாகக் கீழே தூக்கிக்கொண்டு போவோம். அந்நேரம் பெட்டியெல்லாம் ஏற்றி முடிந்திருக்கும், கதவை அடைக்க அவசரப்படுத்துவார்கள். 737 மாதிரிச் சின்ன விமானத்தில் பெட்டிகளைக் கையால்தான் அடுக்குகிறோம், அடுக்கி முடித்த வரிசைக்கும் கதவுக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில் ஸ்ட்ரோலர் போகும். பெரிய விமானம் என்றால் பெட்டிகள் கண்டெய்னரில். கடைசியில் வருகிற ஸ்ட்ரோலர், வீல்சேர் எல்லாம் வால் பக்கத்திலுள்ள சின்ன அறைக்குள். கடைசியில் ஏறுகிறது முதலில் இறங்கும், அதனால்தான் பல ஊரில் கதவுக்கே கொண்டுவந்து தர முடிகிறது. ஆனால் அதற்கென்று ஒரு ஆள் மேலே ஏறிவர வேண்டும். தூரத்தில் நிறுத்தி பஸ்ஸில் கொண்டுபோகிற இடத்திலும், ஆள் குறைவான ராத்திரியிலும் பெல்ட்டுக்குத்தான் போகும். விமானத்தில் உள்ளவர்கள் "கதவில் வரும்" என்று மனதறிந்து பொய் சொல்வதில்லை, அவர்களுக்கும் தெரியாது.

உடைவது பெரும்பாலும் எறிவதால் இல்லை. எறிகிறவனும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நான் கண்ணால் பார்த்ததில் பாதி, பூட்டு சரியாக விழாத வண்டி. தூக்கும்போது நடுவழியில் தானே விரியும், ஒரு கால் படியில் மாட்டும், சக்கரம் கழறும். சில கம்பெனி வண்டியில் முன் சக்கரம் ஒரு பொத்தானை அமுக்கினால் கழன்று வருகிற மாதிரிதான் செய்திருப்பார்கள். கருங்கல் அண்ணன் சக்கரம் அந்த இனமாக இருக்கும். அப்படிப்பட்டதை நீங்களே கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கப் வைக்கிற வளையம், கிலுக்கு, வெயில்மூடி, கழறுகிற எதுவும் வண்டியோடு வேண்டாம். மடக்கின பிறகு நடுவில் சுற்றி ஒரு கட்டுப் போடுங்கள். பெல்ட், பழைய துப்பட்டா, எது கையில் இருக்கிறதோ அது.

அப்புறம் மழை. ஐப்பசியில் போகிறீர்கள் என்றால் சாயங்காலம் திருவனந்தபுரத்தில் கொட்டும். வண்டி ஐந்து நிமிடம் வெளியே நின்றாலும் மெத்தை நனைந்துவிடும். மூடுகிற பை இருந்தால் மடக்கினதும் அதற்குள் போட்டுக் கொடுங்கள். டேக் பைக்கு வெளியே தெரிய வேண்டும்.

மட்டிக்குலை | செவ்வாய், மாலை 5.30

கூடையைக் காலி செய்யுங்கள் என்று எல்லாரும் சொல்கிறீர்கள், ஏன் என்று என்னைக் கேளுங்கள். அபுதாபிக்குப் போகும்போது அம்மா பிள்ளைக்கென்று மட்டிப்பழம் ஒரு சீப்பு கொடுத்துவிட்டார். 2023இல் புவிசார் குறியீடு வாங்கின பழமாக்கும், சும்மாவா. செக்யூரிட்டியில் எடுத்தேன், திரும்பக் கூடையில் வைத்தேன். விமானக் கதவில் அவசரத்தில் அப்படியே மடக்கிக் கொடுத்துவிட்டேன். அங்கே போய் விரித்தால் சீட்டு, பெல்ட்டு, சக்கரம் எல்லாம் பழம். மூன்று தடவை கழுவினேன். ஒரு மாதம் எறும்பு வந்தது. அபுதாபியில் பதினான்காவது மாடிக்கு எறும்பு எப்படி வருகிறது என்று இன்றுவரை தெரியவில்லை.

திங்கள்சந்தை அம்மு | செவ்வாய், இரவு 9.15

சிரித்து முடியவில்லை. எங்கள் வீட்டிலும் அந்தக் கூடையைப் பார்த்ததிலிருந்து மாமியாருக்கு வண்டியின் மேல் கொஞ்சம் மதிப்பு வந்திருக்கிறது. ஏத்தங்காய்ப் பொடி, வறுத்த கருவாடு, அப்புறம் "தேங்காய் அங்க என்ன விலையோ" என்று கொப்பரை. எல்லாவற்றுக்கும் அதில் இடம் பார்த்துவிட்டார்.

தக்கலைக்காரி | செவ்வாய், இரவு 9.32

கொப்பரையை உடனே எடுங்கள்! காய்ந்த தேங்காய் நம் விமானங்களில் தடை. எண்ணெய் ஊறினது, தீப்பிடிக்கும் என்று கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். ஏத்தங்காய்ப் பொடி கையில் இருக்கட்டும், பிள்ளைக்கான சாப்பாடு என்று சொன்னால் போதும். பிள்ளைக்கு வழியில் வேண்டிய பாலுக்கும் வெந்நீருக்கும் 100 மில்லி கணக்கு இல்லை, ஆனால் திறந்து காட்டச் சொல்வார்கள், தயாராக வைத்திருங்கள். கருவாடு உங்கள் பாடு, பெட்டியில் நான்கு சுற்றுக் கட்டுங்கள்.

வண்டியில் சார்ஜ் போடுகிற சின்ன ஃபேன் மாட்டியிருக்கிறீர்களா? கொடுக்கும் முன் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க்கும் அப்படியே. பவர் பேங்க், தனி பேட்டரி எதுவும் விமானத்தின் அடியில் போகக்கூடாது.

சுங்கான்கடை | புதன், காலை 10.10

ஒரு பழைய ஆள் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். தள்ளுவண்டி என்றால் எங்களுக்கு வேர்க்கடலை விற்கிற வண்டிதான் தெரியும். ஒன்பது மாதப் பிள்ளையை ஒரு சேலைத் துணியில் தோளோடு கட்டிக்கொண்டு போனால் டேக் வேண்டாம், போட்டோ வேண்டாம், மான்ட்ரியல் வேண்டாம். பிள்ளையும் அம்மா சூட்டில் தூங்கும். எதற்கு இந்தப் பாடு?

பார்வதிபுரம் பாலம் | புதன், காலை 10.45

பாட்டா, அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நிற்கப்போவது நீங்கள் இல்லை. எனக்கு ஆபரேஷன் பிரசவம், இன்னும் முதுகு வலிக்கிறது. எட்டரைக் கிலோ பிள்ளை, தோளில் டயப்பர் பை, கையில் ஃபைல். "அந்தக் காலத்தில் நாங்கள்" என்று சொல்கிறவர்கள் யாரும் அந்தக் காலத்தில் எமிக்ரேஷன் வரிசையில் நிற்கவில்லை.

சுங்கான்கடை | புதன், காலை 11.20

சரி மக்களே, தோற்றேன். ஆனால் துணி ஒன்று கையில் இருக்கட்டும்.

குளச்சல் ராம்ப் | புதன், மதியம் 1.00

பாட்டா சொன்னதில் பாதி நியாயம். வண்டி உங்கள் கையை விட்டுப் போகிறது விமானக் கதவில். திரும்பக் கைக்கு வருகிறது பெல்ட்டில் என்றால் நடுவில் கதவிலிருந்து இமிகிரேஷன் தாண்டிப் பெல்ட் வரை நடை. துபாயில் அது லேசான நடை இல்லை, சில கேட்டிலிருந்து உள்ளே ரயிலே ஏற வேண்டும். அந்த நடைக்கு மார்போடு கட்டுகிற கேரியரோ துணியோ இருந்தே ஆக வேண்டும். ஸ்ட்ரோலரா துணியா என்று சண்டை போட வேண்டியதில்லை.

எமிரேட்ஸ் விமானத்தில் போனால் துபாயில் அவர்களே ஸ்ட்ரோலர் வைத்திருப்பார்கள், இறங்கினதும் எடுத்துத் தள்ளிக்கொண்டு போகலாம், காசில்லை. வேறு விமானம் என்றால் அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

இரணியல் கைத்தறி | புதன், மாலை 4.25

விமானத்துக்குள் கொண்டுபோகிற வண்டியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. நான் அதில்தான் ஏமாந்தேன். "கேபின் ஸ்ட்ரோலர்" என்று விளம்பரத்தில் பார்த்து வாங்குகிறவர்கள் டேப் எடுத்து அளந்துவிட்டு வாங்குங்கள். இண்டிகோவில் கைப்பெட்டி அளவு 55க்கு 35க்கு 25 சென்டிமீட்டர், எமிரேட்ஸில் 55க்கு 38க்கு 22. இரண்டிலும் 7 கிலோ. எல்லாரும் ஆசைப்படுகிற அந்த யோயோ என்கிற ஸ்ட்ரோலர் மடக்கினால் 52க்கு 44க்கு 18. நீளமும் தடிமனும் சரி, அகலம் 44 அல்லவா, அங்கேதான் இடிக்கிறது. பெரிய விமானத்தின் மேல்தட்டில் சாதாரணமாக இடம் கிடைக்கும், சின்ன விமானம் நிறைந்து போகிற நாளில் கதவில் வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். சண்டை போட்டால் ஜெயிப்பது அவர்கள்தான்.

உண்மையிலேயே சுருங்குகிற வண்டியும் உண்டு. ஜிபி பாக்கிட் என்று ஒன்று, மடக்கினால் 35க்கு 30க்கு 18. 2014இல் அதற்குக் கின்னஸ் சாதனை கொடுத்தார்கள். ஆனால் அதில் பிள்ளையைப் படுக்கவைக்க முடியாது, ஆறு மாதத்துக்கு மேல், உட்காரப் பழகின பிள்ளைக்குத்தான். சக்கரம் பொத்தான் அளவு. நம் ரோட்டில் இறக்கினால் நாகராஜா கோயில் வாசல் தாண்டாது.

திங்கள்சந்தை அம்மு | புதன், இரவு 9.50

புது வண்டி வாங்குகிற எண்ணமில்லை, இருக்கிறதோடு போகிறேன். விமானத்தில் தொட்டில் கிடைக்குமா?

தக்கலைக்காரி | புதன், இரவு 10.20

பெரிய விமானத்தில் முன்வரிசைச் சுவரில் மாட்டுவார்கள், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், பிள்ளையின் எடைக்கு வரம்பு உண்டு. நடுவில் ஒரே நடைபாதை உள்ள சின்ன விமானத்தில் பெரும்பாலும் கிடையாது. நான்கு மணி நேரம்தானே, மடியில் தூங்கிவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள், காது அடைக்காது.

களியக்காவிளை செக்போஸ்ட் | வியாழன், காலை 7.30

எல்லாரும் விமானத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் மாவட்டத்துக்காரனுக்கு விமானம் இரண்டாவது கண்டம்தான், முதல் கண்டம் ரோடு. நாகர்கோவிலிலிருந்து விமான நிலையம் எழுபது கிலோமீட்டர்தான். ஆனால் அதை மணிக்கணக்கில் சொல்ல எவனாலும் முடியாது. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்து கொஞ்சம் மூச்சு விட்டோம். பழைய வழியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று போனால் ஒவ்வொன்றிலும் நிற்க வேண்டும். காரோடு என்கிற ஊரில் பைபாஸ் ஏறி கோவளம் வழியாக ஈஞ்சக்கல், சாக்கை என்று போங்கள்.

அப்புறம் சாக்கைப் பக்கம் இருப்பது டெர்மினல் 2, வெளிநாட்டுக்கு அதுதான். சங்குமுகம் கடற்கரைப் பக்கம் இருப்பது டெர்மினல் 1. இரண்டும் ஒரே ரன்வேயின் இரண்டு பக்கம். பார்த்தால் எதிரெதிரே, போனால் ஊரைச் சுற்ற வேண்டும். கூகுளில் வெறுமே ஏர்போர்ட் என்று போட்டுவிட்டு டிரைவர் பாட்டு கேட்டுக்கொண்டு போனதில், என் அக்கா கைக்குழந்தையோடு சங்குமுகத்தில் இறங்கிவிட்டாள். ஸ்ட்ரோலரை விரித்துப் பிள்ளையைக் கட்டி, பெட்டியெல்லாம் டிராலியில் அடுக்கி, வாசலில் டிக்கெட்டைக் காட்டினால், "இங்கே இல்லையே." திரும்ப எல்லாவற்றையும் மடக்கிக் காரில் ஏற்றினோம். பிள்ளை அலறினது இப்போதும் காதில் கேட்கிறது.

ஐப்பசியில் போகிறதாக இருந்தால் ஆறாட்டுத் தேதியையும் பாருங்கள். பத்மநாபசுவாமி கோயில் ஊர்வலம் ரன்வேயைக் கடந்துதான் சங்குமுகத்துக்குப் போகும், பங்குனியிலும் ஐப்பசியிலும். அன்று சாயங்காலம் சில மணி நேரம் விமானமே ஏறாது, இறங்காது. நேரம் மாற்றி மெசேஜ் வந்திருக்கும், நாம்தான் பார்த்திருக்கமாட்டோம். நவராத்திரி சமயம் என்றால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இதே ரோட்டில்தான் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்வார்கள். சாமி முன்னால் போகும்போது நாம் ஹாரன் அடிக்க முடியாது அல்லவா.

திங்கள்சந்தை அம்மு | வியாழன், இரவு 8.45

தேதி பார்த்துவிட்டேன். ஆறாட்டுக்கு நான்கு நாள் முன்னால்தான் விமானம், தப்பித்தேன். டெர்மினல் 2 என்று டிரைவர் அண்ணனுக்கு வாட்ஸாப்பில் போட்டாயிற்று.

முற்றத்தில் பயிற்சி நடக்கிறது. தலையணையோடு எட்டு தடவை, பிள்ளையோடு மூன்று தடவை. வண்டியின் பூட்டு "டக்" என்று ஒரு சத்தம் போட்டால்தான் விழுந்ததாக அர்த்தம், அது இத்தனை நாள் எனக்கே தெரியாது. ராம்ப் அண்ணன் சொல்லாவிட்டால் பாதி விழுந்த பூட்டோடுதான் கொடுத்திருப்பேன். மாமனார் ஒரு பழைய தார்பாயை வெட்டிப் பை தைத்துத் தந்திருக்கிறார்.

மாமியார் மட்டும் கைப்பிடியில் ஒரு கறுப்புக் கயிறும் அதில் ஒரு சங்கும் கட்டியே தீருவேன் என்கிறார். கழறுகிற எதுவும் வேண்டாம் என்றீர்களே, அதைச் சொன்னால் முகம் வாடிவிடும்.

குளச்சல் ராம்ப் | வியாழன், இரவு 9.05

கயிறு இருக்கட்டும், கம்பியோடு ஒட்ட நன்றாக முறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். சங்கு வேண்டாம், மாட்டினால் உடையும். அதைப் பிள்ளை இடுப்பில் கட்டச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

திங்கள்சந்தை அம்மு | ஒரு மாதத்துக்குப் பிறகு, வெள்ளி, இரவு 11.10

வந்து சேர்ந்து ஒரு வாரமாகிறது. இழையை அப்படியே விட்டுப்போக மனதில்லை.

களியக்காவிளை வரை மழை, அப்புறம் வெளுத்தது. கவுண்டரில் ஸ்ட்ரோலரை எடை போடவே இல்லை. டேக் கட்டினார்கள், துண்டு வாங்கினேன், கேள்வியும் கேட்டேன். "கதவில் தருவார்கள் மேடம், ஆனால் உறுதி சொல்ல முடியாது" என்றார் அந்தப் பையன். செக்யூரிட்டியில் இடது கையில் பிள்ளை, வலது கையால் ஒரே மடக்கு. டக். பின்னால் நின்ற ஒரு சேட்டன் "கொள்ளாம்" என்றார். என் வாழ்க்கையில் விமான நிலையத்தில் கிடைத்த ஒரே பாராட்டு. பிள்ளை வெளிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வண்டியிலேயே ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். அந்தத் தூக்கத்துக்காகவே இதைக் கொண்டுபோகலாம்.

கதவில் கூடையைத் தடவிப் பார்த்தேன். கிலுக்கு ஒன்று ஒளிந்திருந்தது, எடுத்துக்கொண்டேன். தார்பாய்ப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

துபாயில் கதவில் வரவில்லை. "பெல்ட், மேடம்." துணியில் கட்டிக்கொண்டு நடந்தேன். சுங்கான்கடைப் பாட்டாவை அந்த நடையில் நாலு தடவை நினைத்தேன், நன்றியோடுதான். பெல்ட்டில் போனால் ஸ்ட்ரோலர்கள் ஓரமாக ஒரு சுவரில் சாய்த்து நிற்கின்றன. ஐந்து. அதில் மூன்று ஒரே சாம்பல் நிறம், ஒரே கம்பெனி. என்னுடைய தார்பாய்ப் பை கிழிந்து எங்கோ போய்விட்டது. டேக் நம்பரைப் பார்க்கக் குனிந்தால் பிள்ளை முன்னால் சாய்கிறாள். அப்போது ஒன்றின் கைப்பிடியில் அந்தக் கறுப்புக் கயிறு, ஒன்பது சுற்று, மாமியாரின் முடிச்சு.

நான்கு சக்கரமும் இருந்தன. போட்டோ எடுத்து வீட்டுக் குழுவில் போட்டேன். "நா அப்பவே சொன்னம்லா" என்று வாய்ஸ் வந்தது. கண்ணுக்குக் கட்டினது வேறு எதற்கோ உதவினதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

கருங்கல் காற்றாடி | வெள்ளி, இரவு 11.25

நான்கு சக்கரமுமா! நல்ல விமானம் தங்கச்சி.

ஆரல்வாய்மொழி காத்து | சனி, காலை 9.00

இப்போதுதான் இந்த இழையைப் பார்த்தேன். எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்டு உள்ள வண்டி. இதே கதைதானா?

தக்கலைக்காரி | சனி, காலை 9.40

முதலில் அகலத்தை அளந்து சொல்லுங்கள்.